வாஷிங்டன் என்றொரு குடும்பப் பெயர்

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு 1,63,036 பேர் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களில் 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். வெள்ளையர் 5 விழுக்காடுதான். அந்த நாட்டில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களில் இந்த அளவுக்குக் கறுப்பின மக்களுக்கே உரியதாகிவிட்ட பெயர் இன்னொன்று இல்லை. ஜெஃபர்சன் என்ற பெயரே 75 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெயர் ஒரே ஒரு நிலவுடைமைக் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. 1183-இல் டர்ஹாம் ஆயர் ஹியூ டு பூசே தம் ஆளுகையிலிருந்த நிலங்களையும் அவற்றின் வருவாயையும் கணக்கெடுத்து எழுதச் செய்தார். போல்டன் ஏடு என்று அறியப்படும் அந்தக் கணக்கில் ஹார்ட்பர்ன் ஊரின் வில்லியம் என்பவர் வருகிறார். ஹார்ட்பர்ன் ஊரைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வெசிங்டன் என்ற ஊரை அவர் பெற்றிருக்கிறார். தேவாலயமும் தேவாலய நிலமும் மட்டும் அவருக்கு இல்லை. ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும்; ஆயர் பெருவேட்டைக்குப் புறப்படும்போது 4 வேட்டை நாய்களோடு உடன் செல்ல வேண்டும். அன்று பெரிய மனிதர்களின் பெயர் அவர்களுடைய நிலத்தின் பெயர். நிலம் மாறினால் பெயரும் மாறும். ஹார்ட்பர்ன் வில்லியமின் வழியினர் வெசிங்டன்காரர்கள் ஆனார்கள்.

அந்த ஊர்ப்பெயருக்கு ஹ்வாசா என்ற ஆங்கிலோ-சாக்சன் மனிதரின் ஆட்கள் வாழ்ந்த குடியிருப்பு என்று பொருள் சொல்கிறார்கள். தெற்கே சஸ்ஸெக்ஸிலும் வாஷிங்டன் என்றொரு ஊர் உண்டு. இங்கிலாந்தின் வாஷிங்டன்களில் சிலர் அந்த ஊர்வழி வந்தவர்களாக இருக்கலாம். கடல் கடந்து போன கிளை டர்ஹாம் கிளை.

பெயர் ஊரைவிட்டுப் புறப்பட அதிகக் காலம் ஆகவில்லை. ஒரு கிளை மேற்கே வெஸ்ட்மோர்லாந்துக்கும் லங்காஷயருக்கும் போயிற்று. இன்னொருவர், வெசிங்டனின் ஜான், 1416 முதல் முப்பது ஆண்டுகள் டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தார். ஊரில் தங்கிய மூத்த கிளை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண் வாரிசில்லாமல் முடிந்து, நிலம் பெண்வழியாக வேறு குடும்பத்துக்குச் சென்றது. ஊரின் பெயரைத் தாங்கியவர்கள் அதற்குப் பிறகு அந்த ஊரில் இல்லை.

அந்த ஊரை இன்று போய்ப் பார்ப்பவர் ஒரு தொழில் நகரத்தைப் பார்ப்பார். நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த வாஷிங்டன், 1964-இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டு, நகரமைப்பாளர்கள் வரைந்த குடியிருப்புப் பிரிவுகளாகப் பரந்தது. அங்கிருந்த எஃப் சுரங்கம் 1968-இல் மூடப்பட்டது. 1986-இல் நிசான் கார் ஆலை பக்கத்திலேயே, பழைய விமானத்தளம் ஒன்றின் மேல் எழுந்தது. 2011 கணக்குப்படி அங்கே ஏறத்தாழ 67,000 பேர் வாழ்ந்தார்கள். பழைய மாளிகை ஒன்று இன்னும் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அது ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாய் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பாகியிருந்தது. 1930-களில் வாழத் தகுதியற்றதென்று இடிக்கப்படவிருந்ததை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஃபிரெட் ஹில் முன்னின்று காப்பாற்றினார். 1955-இல் அது பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 1977-இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கே வந்து போனார். வில்லியமையோ ஆயரையோ நினைத்து யாரும் அந்த மாளிகையைக் காப்பாற்றவில்லை. பின்னால் வேறொரு கண்டத்தில் நடந்தவைதான் அதற்கு மதிப்பைத் திருப்பிக் கொடுத்தன.

அந்தக் கண்டத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்த வழி கம்பளியும் மதமும் புகையிலையும் கலந்த வழி. லங்காஷயர்க் கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் நார்த்தாம்டன் நகரில் கம்பளி வணிகம் செய்து பொருள் சேர்த்தார். இருமுறை அந்நகரின் மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் ஊரை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். வேட்டை நாய்களோடு கடமைக்குப் போன குடும்பம், மூன்றரை நூற்றாண்டில், ரொக்கம் எண்ணி நிலம் வாங்கும் குடும்பமாகியிருந்தது.

அந்தச் செழிப்பு நூறாண்டுகூட நிலைக்கவில்லை. லாரன்ஸின் கொள்ளுப்பேரன், அவரும் லாரன்ஸ்தான், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். எஸ்ஸெக்ஸில் பர்லி ஊரின் பங்குக் குருவானார். உள்நாட்டுப் போரில் மன்னரின் பக்கம் நின்றவர்களைத் தூய்மைவாதிகள் தேடித்தேடிப் பதவி நீக்கிக்கொண்டிருந்த 1643-இல், மதுக்கடைகளுக்கு ஓயாமல் போகிறவர் என்ற குற்றச்சாட்டோடு அவரையும் வெளியேற்றினார்கள். வறுமையில் இறந்து மால்டன் நகரில் அடக்கமானார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. மூத்த மகன் ஜான் லண்டனிலிருந்து புகையிலை ஏற்றிவரப் புறப்பட்ட சீ ஹார்ஸ் என்ற கப்பலில் துணை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். 1657 பிப்ரவரியில், புகையிலையோடு திரும்பும் வழியில், கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரை தட்டியது. கப்பலைச் செப்பனிட்ட காலத்தில் ஜான் அங்கே பழகிய நிலக்கிழார் ஒருவரின் மகளை மணந்து வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். அமெரிக்காவின் தலைநகரம், ஒரு மாநிலம், எண்ணற்ற ஊர்களும் தெருக்களும் தாங்கும் பெயர் அந்தக் கரையில் இப்படித்தான் இறங்கியது. அவருடைய கொள்ளுப்பேரன் ஜார்ஜ் 1732-இல் பிறந்தார்.

ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையை எழுதியவர்கள் ஏராளம். பெயரின் கதைக்கு வேண்டியது அதில் ஒரு பகுதிதான். 11 வயதில் தந்தையை இழந்தபோது அவர் பங்குக்கு 10 அடிமைகள் வந்தார்கள். 1799 டிசம்பரில் அவர் இறந்தபோது மவுன்ட் வெர்னன் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தமானவர்கள். மற்றவர்களில் மிகப் பலர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து. அவர்களை விடுவிக்க அவருக்கு உரிமை இல்லை. தமக்குச் சொந்தமானவர்கள் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை பெற வேண்டுமென்று உயிலில் எழுதினார். மார்த்தா 1801 ஜனவரி முதல் நாளன்றே அவர்களை விடுவித்தார். ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இன்றைய வாஷிங்டன்களில், வெள்ளையரோ கறுப்பரோ, தந்தைவழியில் அவரிடமிருந்து பெயர் வாங்கியதாக ஆவணம் காட்டக்கூடியவர் ஒருவர்கூட இல்லை.

1799-இன் கோடையில் அவர் தம் கைப்பட எழுதிய அடிமைகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், தொழில், சிலருக்கு வயது, கணவனோ மனைவியோ எந்தப் பண்ணையில் என்ற குறிப்பு. பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள். அந்தப் பண்ணையில் குடும்பப் பெயரோடு அறியப்பட்டவர்களின் பெயர்களைப் பார்த்தால் லீ, ஜட்ஜ், போசி, கிரே என்று வருகின்றன. எசமானரின் பெயர் அங்கே அரிது. இதை முதலில் படிக்கும் எவரும் சற்று நின்றுவிடுவார்கள். அடிமையின் பெயர் எசமானனின் பெயர் என்று நாம் எளிதாக நினைத்துக்கொண்டிருப்பது பாதி உண்மைதான். எசமானர்கள் அறியாமலேயே அடிமைகள் தங்களுக்குள் குடும்பப் பெயர்களை வைத்திருந்தார்கள். பல குடும்பங்கள் கடைசி எசமானனின் பெயரைத் தவிர்த்து, தங்களைப் பல தலைமுறைக்கு முன்பு முதலில் வாங்கிய குடும்பத்தின் பெயரைக் காத்துவந்தன. விற்கப்பட்டுச் சிதறிய உறவுகள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அது ஒன்றே அடையாளம். வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976-இல் வெளியிட்ட கறுப்பினக் குடும்பம் பற்றிய பெருநூலில் பண்ணைக் குறிப்புகளைக் கொண்டு இதை விரிவாகக் காட்டினார்.

மவுன்ட் வெர்னனிலிருந்து வாஷிங்டன் என்ற பெயரோடு புறப்பட்டவர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். ஹாரி. 1740 வாக்கில் காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்தவர். 1763-இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை வாங்கி, டிஸ்மல் சதுப்புநிலத்தை வடிக்கும் வேலைக்கு அனுப்பினார். பிறகு மவுன்ட் வெர்னனில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். 1771-இல் தப்பி ஓடிப் பிடிபட்டார். 1776-இல், கலகக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் அறிவித்திருந்ததை நம்பி, மறுபடி ஓடினார். இந்த முறை பிடிபடவில்லை. சுதந்திரப் போரில் எசமானர் ஒரு பக்கம், ஹாரி மறு பக்கம். 1783-இல் தோற்ற படை நியூயார்க்கைவிட்டு வெளியேறியபோது, உடன் செல்லும் 3,000 கறுப்பினத்தவரின் பெயர்கள் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டன. ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழாண்டுகளுக்கு முன் அவரைவிட்டு வந்தவர் என்ற செய்தி அதில் இருக்கிறது.

ஹாரி ஏறிய கப்பல் நோவா ஸ்கோஷியாவுக்குப் போயிற்று. அங்கே கல்லும் குளிரும்தான் கிடைத்தன. வாக்களித்த நிலம் சரிவரக் கிடைக்கவில்லை. 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஹாரியும் அவர்களில் ஒருவர். சியரா லியோனில் ஃப்ரீடவுன் நகரம் அவர்கள் கைகளால் எழுந்தது. குடியேற்றத்தை ஆண்டு நிலத்துக்கு வரி கேட்ட நிறுவனத்தோடு மோதல் முற்றி, 1800-இல் குடியேறிகள் கலகம் செய்தார்கள். ஆள்பவரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், இசைவில்லாத வரி கட்ட முடியாது என்ற வாதம் அவர்களுடையது. அதற்காக ஹாரி ஆற்றின் மறுகரையிலுள்ள புல்லம் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் போரிட்டு நிலைநாட்டியதும் அதே வாதம்தான்.

அதே 1792 மே மாதம் அதிபர் வாஷிங்டன் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதினார். லண்டனிலிருந்து அரச குலமரபு அதிகாரி ஐசக் ஹேர்ட் அவருடைய முன்னோரைப் பற்றி விசாரித்திருந்தார். அந்தப் பொருளில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றும், குடும்பம் இங்கிலாந்தின் வடபகுதி மாவட்டங்களில் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்வி என்றும் அதிபர் எழுதினார். பெயரை எங்கிருந்து பெற்றோம் என்பதைப் பெரிதாக எண்ணாத ஒருவர் பிலடெல்பியாவில். அதே பெயரோடு தாம் பிறந்த கண்டத்துக்குத் திரும்பிய இன்னொருவர் ஃப்ரீடவுனில். முதலாமவரின் வம்சாவளிக்கு இன்று அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. இரண்டாமவருக்குப் பெற்றோர் இட்ட பெயரே நமக்குத் தெரியாது.

பெயர் பெருகியது அதற்குப் பிறகு. 1790-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860-இல் அந்த எண்ணிக்கை 40 லட்சத்தை நெருங்கியது. வர்ஜீனியாவின் புகையிலை மண் களைத்துப்போக, தெற்கில் பருத்தியும் கரும்பும் ஆட்களைக் கேட்டன. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வடக்குப் பண்ணைகளிலிருந்து ஆழ்தெற்குக்கு நடத்தியும் கப்பலேற்றியும் கொண்டுபோகப்பட்டார்கள். மவுன்ட் வெர்னனுக்கு அடுத்த உரிமையாளரும், உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் வாஷிங்டன் 1821-இல் 54 பேரை லூசியானாவுக்கு விற்றார். ஜார்ஜின் தம்பி மகன் அவர். 123 பேரை விடுவித்த உயிலின் மை காய்ந்து இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி ஏடு உண்டு. எசமானனின் பெயர் முதலில். அதன் கீழே வயது, பால், நிறம். பெயருக்கு அதில் இடம் வைக்கவில்லை. 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் முதல்முறையாக முழுப் பெயரோடு எழுதப்பட்டார்கள். பத்தே ஆண்டுகளில், பெயரில்லாத 40 லட்சத்திலிருந்து, வீட்டுத் தலைவன், மனைவி, பிள்ளைகள் என்று பெயர் சொல்லி எழுதப்படும் குடும்பங்கள். அமெரிக்க ஆவணங்களில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்தப் பத்தாண்டுகளுக்குள் ஒரு பையன் தன் பெயரைத் தானே சொன்ன காட்சியை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர், விடுதலைக்குப் பின் குடும்பத்தோடு மேற்கு வர்ஜீனியாவின் மால்டனுக்குப் போனார். உப்பு உலை வேலைக்கு நடுவே பள்ளிக்கூடம். வருகைப் பதிவின்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார். தமக்கு ஒன்றுதான். தம் முறை வந்ததும் புக்கர் வாஷிங்டன் என்று ஆசிரியரிடம் சொன்னார். அவருடைய மாற்றாந்தகப்பனின் முதற்பெயர் வாஷிங்டன். டாலியஃபெரோ என்ற இன்னொரு பெயரைத் தாய் தமக்கு இட்டிருந்தது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. அதையும் சேர்த்துக்கொண்டு புக்கர் டி. வாஷிங்டன் ஆனார். 1881-இல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவரானார்.

1901-இல் நூலாக வெளிவந்த தம் வரலாற்றில் விடுதலையான நாட்களைப் பற்றி அவர் ஒன்று சொல்கிறார். எல்லாருக்கும் இரண்டு விஷயங்களில் ஒருமனம் இருந்ததாம்: பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், சில நாட்களோ வாரங்களோ பண்ணையை விட்டு வெளியே போய், தாங்கள் விடுதலையானவர்கள்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எத்தனையோ பேர் அப்படி எடுத்துக்கொண்ட பெயர் வாஷிங்டன். ஏன் என்பதற்கு ஒரே விடை இருக்க முடியாது. வாஷிங்டன் கிளைகளின் பண்ணைகளில் இருந்தவர்கள் சிலர். நாட்டின் முதல் தலைவர் தம் உடைமையாக இருந்தவர்களுக்கு விடுதலை எழுதிவைத்தார் என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிலராக இருக்கலாம். தந்தையின் அல்லது மாற்றாந்தகப்பனின் முதற்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்கள் புக்கர் போன்றவர்கள். குடியரசின் முதல் தலைமுறைகளில் வெள்ளையரும் கறுப்பரும் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயர் வைத்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனை ஊற்றுகளில் எது பெரிது என்று அளப்பதைவிட, வெறுங்கையோடு விடுதலைக்குள் வந்தவர்கள் நாட்டின் மிகப் பெரிய பெயரைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள் என்பதையே நான் முதன்மையாக வைப்பேன். அதற்கு ஒரு நிமிர்வு வேண்டும்.

இப்படி ஒரு பெயர் இரத்த உறவில்லாமல் நன்றியினாலும் மதிப்பினாலும் கடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்திய அணியின் சுழற்பந்து வீச்சாளர் வாஷிங்டன் சுந்தர் 1999-இல் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் தம் இளமையில் சீருடைக்கும் படிப்புச் செலவுக்கும் கைகொடுத்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் நினைவாக அவர் தந்தை அந்தப் பெயரை இட்டார். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம் தமிழ்நாட்டில் அது முதற்பெயராகிவிட்டது. டர்ஹாமில் நிலத்தோடு ஒட்டியிருந்த பெயருக்கு இங்கே ஒரு சாண் நிலமும் வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் அது மறுபடி இடம் பெயர்ந்தது. 1910-களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். பருத்திக் காடுகளில் இருந்த வாஷிங்டன்கள் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் ஆனார்கள். வால்டர் வாஷிங்டன் 1974 தேர்தலில் வென்று, வாஷிங்டன் நகர மக்கள் நூறாண்டுக்குப் பிறகு தாங்களே தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். ஹரால்டு வாஷிங்டன் 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். நடிகர் டென்சல் வாஷிங்டன் 1954-இல் பிறந்த ஊர், நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் வெர்னன். ஜார்ஜின் பண்ணையின் பெயர் இட்ட ஊர் அது. 1657-இல் அந்தப் பெயரைக் கேட்டவர் மனத்தில் ஒரு வெள்ளை முகம் வந்திருக்கும். இன்று அமெரிக்காவில் தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்கிறவர் மனத்தில் பெரும்பாலும் கறுப்பு முகம்தான் வருகிறது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது பெயரிலேயே நிறம் தெரிந்துவிடுவதன் சுமையையும் அந்தக் குடும்பங்கள் சுமக்கின்றன.

முன்னோரைத் தேடும் முறைகளும் மாறியிருக்கின்றன. ஆனால் எல்லா வாஷிங்டன்களுக்கும் ஒன்றுபோல் அல்ல. ஹேர்ட் போட்ட மரபுவரிசை பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1866-இல் ஜோசப் செஸ்டர் அது தவறென்று நிறுவினார். ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் லண்டனில் உயில்களைத் துருவித்துருவி, 1889-இல் பர்லி பங்குக் குருதான் கப்பலில் வந்த ஜானின் தந்தை என்று காட்டினார். நூறாண்டு காகித உழைப்பு அது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் மேற்கு வர்ஜீனியாவில் பெயர்க்கல் இல்லாமல் கிடந்த எலும்புகளை மரபணுவால் சோதித்து, அவை ஜார்ஜின் தம்பி சாமுவேலின் குடும்பத்தினருடையவை என்று கண்டறிந்தார்கள். எலும்புத் துண்டும் உயிருள்ள ஒருவரின் மரபணுவும் போதும், இன்று.

கறுப்பின வாஷிங்டன் ஒருவர் தேடத் தொடங்கினால் 1870 வரை விரைவாகப் போய்விடலாம். வீட்டுக் கணினியிலேயே அந்தக் கணக்கெடுப்பின் பக்கங்கள் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பத்தாண்டில் அவர் மோதி நிற்கும் இடத்தை அங்கே 1870 சுவர் என்கிறார்கள். அந்தச் சுவரைக் கடக்க முன்னோரின் பெயர் உதவாது. அவர்களை உடைமையாக வைத்திருந்தவனின் பெயர் தெரிய வேண்டும். அவனுடைய உயிலில், விற்பனைச் சீட்டில், கடன் அடமானத்தில், மாடு குதிரைகளுக்கு அடுத்த வரியில் தேட வேண்டும்.

டென்னசியின் ராபர்ட்சன் மாவட்டத்தில் அப்படித் தேடிய ஒருவர் ஜான் பேக்கர். ஏழாம் வகுப்புப் பாடநூலில் முன்னாள் அடிமைகள் நால்வர் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றை அவர் பார்த்திருந்தார். அதில் இருவர், இமானுவேலும் ஹென்னியும், தம் பாட்டியின் பாட்டன் பாட்டி என்று வீட்டில் அறிந்தார். அந்தப் படம் எடுத்த இடம் ஒரு புகையிலைப் பண்ணை. ஜார்ஜின் தூரத்து உறவினரான ஜோசப் வாஷிங்டன் 1796-இல் வர்ஜீனியாவிலிருந்து வந்து தொடங்கியது. குலப்பெருமை தெரிந்த குடும்பம் அது. பெயரின் பழைய எழுத்தையே தேடியெடுத்துப் பண்ணைக்கு வெசிங்டன் என்று சூட்டியிருந்தது. 1860-இல் அங்கே 274 பேர் அடிமைகளாக இருந்தார்கள். விடுதலைக்குப் பின் அவர்களில் பலர் வாஷிங்டன் என்ற பெயரையே வைத்துக்கொண்டு அதே மாவட்டத்தில் குடியிருந்தார்கள். சிலர் அதே மண்ணில் வாரத்துக்கு உழுதார்கள்.

வெள்ளை வாஷிங்டன்கள் எதையும் தூக்கி எறியாத குடும்பம். கடிதங்கள், கணக்கேடுகள், விற்பனைச் சீட்டுகள், பிறப்புப் பட்டியல்கள் யாவும் டென்னசி மாநில நூலகத்தில் சேர்ந்தன. பேக்கர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைப் படித்தார். பண்ணையில் பிறந்தவர்களின் வயது முதிர்ந்த பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் போய்ப் பார்த்துப் பேசினார். காகிதம் நின்ற இடத்தில் மரபணுச் சோதனைகளை நாடினார். நூல் 2009-இல் வெளிவந்தது. எத்தனை உருப்படி கூடியது என்று அறிய ஒரு காலத்தில் எசமானன் குறித்துவைத்த பிறந்தநாள், கொள்ளுப்பேரர்களுக்குத் தங்கள் கொள்ளுப்பாட்டியின் வயதைச் சொல்லும் ஒரே சான்றாக அதில் வருகிறது. அந்தச் சான்றின் மீது நன்றியும் கசப்பும் சேர்ந்தே வருவது இயல்பு. பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

1860 ஏட்டில் வயதும் பாலும் நிறமுமாக மட்டும் எழுதப்பட்ட அந்த 274 பேரில் பலர் இப்போது பெற்றோரோடும் பிள்ளைகளோடும் தங்கள் பெயரோடும் அந்த நூலில் இருக்கிறார்கள். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அவர்களுடைய முன்னோருக்கு ஆப்பிரிக்காவில் இட்ட பெயர்களை எந்தப் பண்ணைக் கணக்கும் எழுதிவைக்கவில்லை. மரபணுச் சோதனை அவர்கள் புறப்பட்ட நிலப்பகுதியைக் காட்டுகிறது, பெயரைக் காட்டுவதில்லை.